வீட்டிலிருந்து விஞ்ஞானம்: கலம் என்னும் சின்னஞ்சிறு வளவு



தரம் 10 இல் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் விஞ்ஞானப் புத்தகம் ஒரு தனிப் பயத்தைக் கொண்டு வருகிறது. கணக்கென்றால், கடைக் கணக்குப் பார்த்த பழக்கத்தில் தாயும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பார். தமிழென்றால், "சத்தமாக வாசி, கேட்கிறேன்" என்று சொல்லலாம். விஞ்ஞானம் வந்தவுடன், "அதை ரியூசன் சேரிட்டைக் கேள்" என்று தள்ளிவிடுகிறோம். ரியூசனுக்குக் காசில்லாத வீட்டில் அந்த வசனத்தைக்கூடச் சொல்ல முடிவதில்லை.

எங்களில் பலருக்கு இது பாதியில் நின்றுபோன பாடம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோது புத்தகப் பையைக் கைவிட்டவர்கள் இருக்கிறோம். 2009 இல் முகாமுக்கு வந்தபோது பரீட்சை எழுதும் வயதைத் தாண்டிவிட்டவர்கள் இருக்கிறோம். தம்பி தங்கையைப் பார்க்கவென்று தரம் 8 உடன் நின்றவர்களும் இருக்கிறோம். அது எங்கள் அறிவின் குறை அல்ல. அன்று விட்ட இடத்திலிருந்து இன்று பிள்ளையோடு சேர்ந்து தொடங்கலாம். அதற்கு வேண்டியவை ஒரு வெங்காயம், ஓர் உருளைக்கிழங்கு, கொஞ்சம் உப்பு மட்டுமே.

இந்த மாதம் 'கலம்' என்னும் பாடத்தைப் பார்ப்போம். உயிரியலுக்கு இதுதான் அத்திவாரம். இது விளங்கினால் பின்னால் வரும் சமிபாடு, சுவாசம், குருதி, பரம்பரை என்னும் பாடங்கள் இலகுவாகிவிடும். அதோடு, எங்கள் உடம்பிலும் வீட்டிலும் நடந்த பல விடயங்களுக்கு இந்தப் பாடத்தில் விளக்கம் இருக்கிறது.

பெயர் வந்த கதை

1665 இல் இலண்டனில் றொபேட் ஹூக் என்பவர், போத்தல் மூடும் தக்கையில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. சிற்றறை என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அவற்றை அழைத்தார். உண்மையில் அவர் கண்டவை செத்துப்போன கலங்களின் வெறும் சுவர்களே.

அதற்குச் சில ஆண்டுகளின் பின் நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் லீவன்ஹொக் என்ற புடைவை வியாபாரி, தானே தீட்டிய வில்லைகளால் நீர்த்துளியிலும் பல் அழுக்கிலும் உயிரோடு நீந்தித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டார். அவர் பல்கலைக்கழகம் போனவர் அல்லர். துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க வியாபாரிகள் வில்லை வைத்திருந்த காலம் அது. தையல் வேலை செய்யும் சகோதரிகள் இதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூர்ந்து பார்க்கும் பழக்கம்தான் விஞ்ஞானத்தின் முதற்படி.

1838 இல் சிலெய்டன் தாவரங்களைப் பற்றியும், 1839 இல் சுவான் விலங்குகளைப் பற்றியும், 1855 இல் வேர்ச்சோ கலங்கள் பெருகுவதைப் பற்றியும் சொன்னவை சேர்ந்து கலக்கொள்கை ஆயிற்று. பரீட்சைக்கு இந்த மூன்று வசனங்களும் மனதில் இருக்க வேண்டும். ஒன்று, எல்லா உயிரங்கிகளும் ஒரு கலத்தால் அல்லது பல கலங்களால் ஆனவை. இரண்டு, உயிரின் கட்டமைப்பு அலகும் தொழிற்பாட்டு அலகும் கலமே. மூன்று, கலங்கள் முன்பிருந்த கலங்களிலிருந்தே தோன்றுகின்றன.

எங்கள் தமிழில் வந்த விதம்

உடம்பைப் பற்றிய மேலைத்தேய அறிவு தமிழுக்கு வந்த பாதையில் மானிப்பாய்க்கு ஒரு முக்கிய இடம் உண்டு. 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மிசனரி சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு எங்கள் ஊர் இளைஞர்களுக்கு வைத்தியமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். 1857 இல் 'பிரசவ வைத்தியம்', 1867 இல் 'இரண வைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழ் நூல்கள் வெளிவந்தன. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடி, இல்லாதபோது உருவாக்கிச் செய்த வேலை அது. மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைக் கொண்டது.

சுதந்திரத்தின் பின் பாடசாலைகளில் விஞ்ஞானம் தாய்மொழியில் கற்பிக்கப்பட்டபோது கலைச்சொற்றொகுதிகள் உருவாகின. 'கலம்' என்ற சொல்லும் அந்த வழியில் எங்கள் புத்தகத்தில் நிலைத்தது. சோறு உண்ணும் பாத்திரமும் கலம், கடலில் ஓடும் தோணியும் கலம். உயிரைத் தாங்கி நிற்கும் சிறு பாத்திரத்துக்கு இது பொருத்தமான பெயர்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இப்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் வகுப்புகளையும் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் அங்கே வேறு சொற்கள். பிள்ளை குழம்பாமல் இருக்க இந்தப் பட்டியலை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். முதலில் எங்கள் சொல், அடுத்தது அவர்கள் சொல்.

கலம்: செல்
கரு: உட்கரு, நியூக்ளியஸ்
குழியவுரு: சைட்டோபிளாசம்
இழைமணி: மைட்டோகாண்ட்ரியா
பச்சையவுருமணி: பசுங்கணிகம்
நிறமூர்த்தம்: குரோமோசோம்
இழையம்: திசு
அங்கம்: உறுப்பு
பிரசாரணம்: சவ்வூடு பரவல்
நுணுக்குக்காட்டி: நுண்ணோக்கி

காணொளியில் எந்தச் சொல்லைக் கேட்டாலும், விடைத்தாளில் எங்கள் பாடப்புத்தகச் சொல்லையே எழுதச் சொல்லுங்கள்.

கலம் எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு மைக்றோமீற்றர். எங்கள் குருதியில் உள்ள செங்கலம் ஒன்றின் அகலம் 7 தொடக்கம் 8 மைக்றோமீற்றர். அடிமட்டத்தில் ஒரு மில்லிமீற்றர்க் கோட்டுக்குள் ஏறத்தாழ 130 செங்கலங்களை வரிசையாக வைக்கலாம். வளர்ந்த மனித உடம்பில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தச் செங்கலங்களே.

எல்லாக் கலமும் சிறியதல்ல. கோழி முட்டையின் மஞ்சட்கரு ஒரு தனிக் கலம். அது குஞ்சுக்கான உணவைச் சேர்த்து வைத்திருப்பதால் அவ்வளவு பெரியது. ஆனால் கவனம். 'மஞ்சட்கரு' என்ற பெயரில் உள்ள கரு, கலத்தின் கரு அல்ல. பிள்ளைகள் இதில் தடுமாறுவதுண்டு.

வெங்காயத்தோலைப் பார்ப்போம்

பாடசாலை ஆய்வுகூடத்தில் பிள்ளை செய்யும் முதற் செய்கை இது. வெங்காயத்தின் சதைப்பற்றான இதழ் ஒன்றை எடுத்து உடைத்தால், உட்புறத்தில் கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய தோல் உரிந்து வரும். சமைக்கும்போது தினமும் அது எங்கள் விரலில் ஒட்டுகிறது. அந்தத் தோல் ஒரே ஒரு படை கலங்களால் ஆனது. கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி நீர் விட்டு, தோலைச் சுருங்காமல் விரித்து, அயடீன் கரைசல் ஒரு துளி சேர்த்து, மூடித்துண்டால் மெதுவாக மூடிப் பார்க்க வேண்டும். கற்சுவர் போல அடுக்கிய நீண்ட அறைகளும், ஒவ்வோர் அறையிலும் ஒரு கருவும் தெரியும்.

வீட்டில் நுணுக்குக்காட்டி இல்லாவிட்டாலும் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் பிள்ளையின் முறை வரும்போது கை நடுங்காது.

இதிலே பரீட்சையில் ஒரு பொறி வைப்பார்கள். "வெங்காயத்தோற் கலத்தில் பச்சையவுருமணி உண்டா?" தாவரம் என்றவுடன் பிள்ளை 'உண்டு' என்று எழுதிவிடும். மண்ணுக்குள் வெளிச்சமில்லாத இடத்தில் இருக்கும் பகுதி அது. அங்கே பச்சையவுருமணி இல்லை.

வளவும் கலமும்

கலத்தின் பகுதிகளைப் பாடமாக்குவது கடினம். எங்கள் வீட்டு வளவை மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது.

வளவைச் சுற்றி வேலி, வேலியில் படலை. அதுதான் கலமென்சவ்வு. வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததை மறிக்கும், கழிவை வெளியே அனுப்பும். எல்லாக் கலத்துக்கும் இது உண்டு. சில வீடுகளில் வேலிக்கு வெளியே மதிலும் கட்டியிருப்பார்கள். தாவரக் கலத்தின் கலச்சுவர் அந்த மதில். செலுலோசால் ஆனது. விலங்குக் கலத்துக்கு மதில் இல்லை.

வேலிக்கு உள்ளே எல்லாம் நடக்கும் முற்றம் குழியவுரு. கூழ் போன்ற பதார்த்தம்.

வீட்டுக்குள் பெட்டகம் ஒன்று இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். எந்த இடப்பெயர்விலும் முதலில் கையில் எடுத்தது அந்தப் பையைத்தான். கலத்தில் அது கரு. அதற்குள் நிறமூர்த்தங்களில் டி.என்.ஏ. என்னும் எழுத்து இருக்கிறது. எங்கள் உடற்கலத்தில் 46 நிறமூர்த்தங்கள். தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23.

குசினி அடுப்பு இழைமணி. குளுக்கோசை ஒட்சிசன் கொண்டு எரித்துச் சக்தி தருகிறது. அடுப்பில் நெருப்பு ஒரேயடியாக எரியும். இங்கே படிப்படியாக, சுடாமல் நடக்கிறது.

தையல் மெசின் இறைபோசோம். கருவுக்குள் இருக்கும் அசல் வெட்டுப் படிவத்தை வெளியே எடுப்பதில்லை. அதன் பிரதி ஆர்.என்.ஏ. ஆக வெளியே வரும். அதைப் பார்த்து இறைபோசோம் புரதத்தைத் தைத்துக் கொடுக்கும். தைத்ததை மடித்துப் பொதி செய்து வேண்டிய இடத்துக்கு அனுப்புவது கொல்கி உபகரணம்.

தாவரக் கலத்தில் இன்னும் இரண்டு உண்டு. நடுவிலே பெரிய தண்ணீர்த் தொட்டி போலப் புன்வெற்றிடம். பச்சைப் பகுதிகளில், சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பச்சையவுருமணி.

பல பிள்ளைகள் விடும் பிழை ஒன்று. தாவரத்துக்குப் பச்சையவுருமணி, விலங்குக்கு இழைமணி என்று பிரித்து எழுதுவார்கள். அப்படியல்ல. தாவரக் கலத்திலும் இழைமணி உண்டு. உணவு தயாரிக்கும் வீட்டிலும் அடுப்பு எரியத்தானே வேண்டும்.

உப்பும் நீரும்

சம்பலுக்கு வெங்காயம் வெட்டி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் கோப்பையின் அடியில் நீர் நிற்கும். நீர் எங்கிருந்து வந்தது? வெங்காயக் கலங்களுக்குள் இருந்து. வெளியே உப்புச் செறிவு கூடியதால் கலமென்சவ்வைக் கடந்து நீர் வெளியே வந்துவிட்டது. காய்ந்த பயறை இரவில் ஊறவைத்தால் காலையில் பருத்திருக்கும். அங்கே நீர் உள்ளே போயிருக்கிறது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்துக்கு, தேர்ந்து புகவிடும் மென்சவ்வினூடாக நீர் செல்வதைப் பிரசாரணம் என்கிறோம். ஊறுகாயும் கருவாடும் பழுதாகாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம். அவற்றில் வந்து விழும் நுண்ணுயிர்க் கலங்கள் நீரை இழந்து பெருக முடியாமற் போகின்றன.

தோட்டம் செய்யும் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறுகிறது. அந்த நீரை வெங்காயத்துக்கு இறைத்தால் நிலம் ஈரமாக இருந்தும் பயிர் வாடும். வேர்க் கலங்கள் நீரை எடுக்க முடியாமல் தவிக்கின்றன. யூரியாவைக் கூடப் போட்டாலும் இதே கதிதான்.

வைத்தியசாலையில் சேலைன் போத்தலைப் பார்க்காதவர் எங்களில் யார்? அது ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்புக் கொண்டது. ஏன் வெறும் சுத்தமான நீரை ஏற்றுவதில்லை? வெறும் நீர் நாளத்துக்குள் போனால் செங்கலங்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்கி வெடித்துவிடும். கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதைக் குடித்தால் தாகம் தீராததோடு உடம்பு நீரையும் இழக்கும். அந்த 9 கிராமின் அருமை இப்போது விளங்கும்.

ஜீவனிப் பொதியின் கதையும் இதிலே சேரும். 1971 இல் பங்களாதேஷ் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவின் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பொங்காவோன் முகாம் பகுதியில் வாந்திபேதி பரவியது. சேலைன் தீர்ந்துகொண்டு வந்தது. திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர், உப்பும் குளுக்கோசும் சோடாவும் நீரில் கலந்து, நோயாளிகளுக்கு வாயால் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாதிகள் அல்லர். தாய்மாரும் உறவினரும் கோப்பையால் ஊட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

இது வேலை செய்ததன் இரகசியம் கலமென்சவ்வில் உள்ளது. குடலின் கலங்களில், உப்பின் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் திறக்கும் ஒரு படலை உண்டு. பேதி பிடித்த நேரத்திலும் அது பழுதாகாது. இரண்டும் உள்ளே போக, நீரும் பின்னால் போகிறது. ஆகவே அளவு முக்கியம். ஒரு பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதி நீரில் கரைத்தால் செறிவு கூடி, பேதியை மோசமாக்கும். 24 மணித்தியாலத்தின் பின் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும்.

ஆறும் காயமும் ஆறாத காயமும்

கலங்கள் பிரிந்து பெருகுவதைக் கலப்பிரிவு என்கிறோம். ஒரு கலம் தன் நிறமூர்த்தங்களை இரட்டித்து, இரண்டு கலங்களுக்கும் சமமாகப் பங்கிடுவது இழையுருப்பிரிவு. பிள்ளை வளர்வதும் வெட்டுக்காயம் ஆறுவதும் இதனாலேயே. முட்டையும் விந்தும் உருவாகும்போது 46 என்பது 23 ஆகக் குறைவது ஒடுக்கற்பிரிவு.

தோலின் கலங்கள் விடாமல் பிரிந்து கொண்டிருப்பவை. முறிந்த எலும்பு ஒட்டுவதும் உயிருள்ள கலங்கள் அங்கே இருப்பதால்தான். செங்கலம் ஏறத்தாழ 120 நாள் வாழும். எலும்பு மச்சையில் புதியவை பிறந்துகொண்டே இருக்கும். அதற்கு இரும்புச் சத்து வேண்டும். முருங்கையிலையும் மீனும் சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் தேயிலை இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்போம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசைக்கும் இதே கணக்குத்தான்.

நரம்புக் கலங்கள் அப்படியல்ல. வளர்ந்தபின் அவை பெரும்பாலும் பிரிவதில்லை. கையிலும் காலிலும் ஓடும் நரம்பின் இழை அறுந்தால், கலத்தின் உடல் தப்பியிருக்குமிடத்து, நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவில் மெல்ல மெல்ல வளரக்கூடும். முண்ணாணில் அறுந்த இழை அவ்வாறு மீண்டும் வளர்ந்து இணைவதில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளும் கணவன்மாரும் சகோதரிகளும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். "மனம் வைத்தால் எழும்பி நடக்கலாம்" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்லும்போது அவர்கள் உள்ளுக்குள் நொந்துபோகிறார்கள். இது மனவுறுதியின் குறை அல்ல. கலத்தின் இயல்பு. இதை அறிந்து வைத்திருக்கும் பிள்ளை தன் தகப்பனைக் குறை சொல்லாது.

அவர்களுக்குச் செய்யக் கூடியதும் இந்தப் பாடத்தில் உண்டு. ஒரே இடத்தில் உடம்பு அழுந்தியிருந்தால் அவ்விடத்துக் கலங்களுக்குக் குருதி போகாது. ஒட்சிசன் கிடைக்காத கலங்கள் சாகும். அதுதான் படுக்கைப் புண். உணர்ச்சி இல்லாதபடியால் நோ தெரியாது. ஆகவே படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது புரட்டிவிட வேண்டும். தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

கட்டுப்பாடின்றிக் கலங்கள் பிரியத் தொடங்கினால் அது புற்றுநோய். கருப்பைக் கழுத்தில் அப்படி மாறத் தொடங்கும் கலங்களை, நோயாக வளர முன்பே நுணுக்குக்காட்டியில் கண்டுபிடிக்க முடியும். சுகவனிதையர் கிளினிக்கில் செய்யும் பாப் பரிசோதனை அதுவே. பிள்ளை வெங்காயத்தோலைப் பார்ப்பது போல, அங்கே எங்கள் கலங்களைப் பார்க்கிறார்கள். 35 வயதானவர்கள் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேட்டுப் போய்வாருங்கள். கணவன் இல்லாதவர்களும் போகலாம். போக வேண்டும்.

தாய் கொடுக்கும் இழைமணி

கடைசியாக ஒன்று. இழைமணிக்குள்ளும் சிறிதளவு டி.என்.ஏ. உண்டு. கருக்கட்டலின்போது தகப்பனின் விந்திலிருந்த இழைமணிகள் அழிந்துபோகின்றன. முட்டையில் இருப்பவையே பிள்ளைக்கு வருகின்றன. ஆகவே ஆணோ பெண்ணோ, எல்லோருடைய இழைமணியும் தாயிடமிருந்து வந்தது. தாய்க்கு அவள் தாயிடமிருந்து, அவளுக்கு அம்மம்மாவிடமிருந்து. மகன் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. மகள் கொடுக்கிறாள். பாடப்புத்தகத்தில் இது ஒரு சிறு விடயம். சில தாய்மாருக்குப் பெரிய விடயம்.

ஆர்ஜென்ரீனாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். சிறையில் பிறந்த குழந்தைகள் வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் 1977 இல் ஒன்றுசேர்ந்தார்கள். "தாய் தகப்பன் இல்லாத நிலையில், எங்கள் இரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை அடையாளம் காணமுடியுமா?" என்பதுதான் அவர்கள் விஞ்ஞானிகளிடம் கொண்டுபோன கேள்வி. மேரி கிளயர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1984 முதல் அவர்களோடு வேலை செய்தார். தாய்வழி இழைமணி டி.என்.ஏ. அதற்குப் பெரிதும் கைகொடுத்தது. 1987 இல் அங்கே மரபணுத் தகவல் வங்கி சட்டப்படி அமைந்தது. இதுவரை 130 க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

எங்கள் மண்ணிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மனித எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது எத்தனை தாய்மார் நித்திரையில்லாமல் இருந்தார்கள் என்பதை நாங்கள் அறிவோம். இந்த விடயத்தில் விஞ்ஞானம் சொல்வது இது. எலும்பிலும் பல்லிலும் உள்ள கலங்களின் டி.என்.ஏ. நீண்ட காலம் எஞ்சியிருக்கக்கூடும். ஒரு கலத்தில் கரு ஒன்றுதான், இழைமணிகளோ பல. ஆகவே பழைய எலும்பில் கருவின் டி.என்.ஏ. சிதைந்தாலும் இழைமணியின் டி.என்.ஏ. கிடைக்கும் வாய்ப்புக் கூட. ஒப்பிடுவதற்கு உறவினரின் குருதியோ உமிழ்நீரோ வேண்டும். இழைமணியில் ஒத்துப்போவது தாய், தாயின் தாய், ஒரே தாயின் பிள்ளைகள், தாயின் சகோதரர்கள், சகோதரியின் பிள்ளைகள். தகப்பனினதும் சொந்தப் பிள்ளையினதும் மாதிரி கருவின் டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு உதவும். இழைமணி மட்டும் ஒத்துப்போனால் ஒரே தாய்வழி என்று சொல்லலாம். ஆள் இன்னார்தான் என்று சொல்ல வேறு சான்றுகளும் வேண்டும்.

வயதுபோன தாய்மார் ஒவ்வொருவராகப் பிரிந்து போகிறார்கள். யார் யாருக்கு எந்த வழியில் உறவு என்பதைப் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் என்பவற்றோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தரம் 10 பிள்ளை அதை நன்றாக வரைந்து தரும். பரம்பரைப் பாடத்துக்கும் அது பயிற்சி.

இம்மாதச் செய்கை

உருளைக்கிழங்கில் சின்னி விரல் நீளத்தில் இரண்டு துண்டுகளை ஒரே அளவாக வெட்டுங்கள். ஒன்றை வெறும் நீரிலும், மற்றதை மூன்று மேசைக்கரண்டி உப்புக் கரைத்த ஒரு கோப்பை நீரிலும் போட்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். எடுத்து வளைத்துப் பாருங்கள். எது விறைப்பு, எது துவண்டது, ஏன் என்று பிள்ளை உங்களுக்கு விளக்க வேண்டும். விளக்கும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பின்னர் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. தாவரக் கலத்தில் இருந்து விலங்குக் கலத்தில் இல்லாத இரண்டு பகுதிகள் எவை?
2. முதிர்ந்த செங்கலத்தில் கரு உண்டா?
3. சேலைனுக்குப் பதில் வெறும் நீரை ஏன் ஏற்றுவதில்லை?
4. கலம், இழையம், அங்கம், தொகுதி என்பவற்றுக்கு உடம்பிலிருந்து ஓர் உதாரணம் சொல்.
5. உன் இழைமணி யாரிடமிருந்து வந்தது?

விடைகள்: 1. கலச்சுவர், பச்சையவுருமணி. 2. இல்லை. ஒட்சிசன் காவும் ஈமோகுளோபினுக்கு இடம் விட்டுக் கரு வெளியேறிவிடுகிறது. 3. செங்கலங்கள் வீங்கி வெடிக்கும். 4. தசைக்கலம், தசை இழையம், இதயம், குருதிச் சுற்றோட்டத் தொகுதி. 5. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்த இதழில் குருதியையும் குருதி வகைகளையும் பார்ப்போம். அதுவரை கொப்பியை மூடி வைக்காதீர்கள்.